நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்

(கொல்லிமலை, செம்மேட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய நாற்காலியைப் பற்றிப் பேசவா ஓர் ஆளை மலைமேல் கூட்டிவந்தார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மிளகு விலை பேசினால் பயன் உண்டு, காப்பி விலை பேசினால் பயன் உண்டு, நாற்காலியில் என்ன இருக்கிறது? காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி ஒரு மினி லாரி, பழைய கட்டில், பழைய பீரோ என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வருகிறது என்றால், டீசல் செலவு போக அதில் ஏதோ நிற்கிறது என்றுதான் பொருள். வண்டிக்காரருக்குத் தெரிந்த கணக்கு வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை. அந்தக் கணக்கைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

ஏற்காட்டைப் போல இங்கே துரைமார் பங்களாக்கள் வரிசையாக இல்லை. செட்டிநாட்டு வீடுகளைப் போலப் பர்மாத் தேக்குத் தூண்கள் இல்லை. ஆகவே நம்மிடம் விலைபோகும் பழைய சாமான் ஒன்றும் கிடையாது என்று முடிவுகட்டிவிடுகிறோம். நான் பேச வந்தது அரண்மனைச் சாமானைப் பற்றி அல்ல. சுதந்திரத்தை ஒட்டிய இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் அலுவலகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் நூலகங்களுக்கும் விடுதிகளுக்கும் வந்து சேர்ந்த எளிய சாமான்களைப் பற்றி. உலகச் சந்தையில் இதை மிட்செஞ்சுரி மாடர்ன் என்கிறார்கள். டென்மார்க்கில் செய்தது, அமெரிக்காவில் செய்தது, இந்தியாவில் செய்தது எல்லாம் இந்த ஒரே பெயருக்குள் வந்துவிடும்.

அடையாளம் என்ன? முதலில், செதுக்கு வேலை இருக்காது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் யாளி முகமும் கொடியும் பூவும் செதுக்கிய சோபாவைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு காலம், வேறு மனம். நான் சொல்லும் சாமானில் மரம் மரமாகவே தெரியும். கால் மெலிந்து சற்றே சாய்ந்து நிற்கும். எது எதைத் தாங்குகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் புரியும். உட்காரும் இடத்தில் பிரம்பு, துணி, நாடா, ரெக்ஸின், இவற்றில் ஏதோ ஒன்று. அலங்காரத்துக்கென்று தனியாக ஒன்றும் ஒட்டவைத்திருக்காது.

இந்தப் பாணி ஏதோ வெளிநாட்டுச் சங்கதி என்று ஒதுக்க முடியாது. இந்தியாவில் இதன் தொடக்கத்தில் ஒரு தமிழ் ஊர் இருக்கிறது. புதுச்சேரிக்குப் போகிறோம், மணக்குள விநாயகரைக் கும்பிடுகிறோம், கடற்கரையில் நடக்கிறோம், திரும்பிவிடுகிறோம். அரவிந்தர் ஆசிரமத்துக்குச் சொந்தமான கோல்கொண்டா என்ற விடுதிக் கட்டடத்தை ஏறிட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு. ஐதராபாத் நிஜாம் அரசில் பெரும் பதவி வகித்த சர் அக்பர் ஹைதரி வழியாக அதற்குப் பணம் வந்தது, அதனால் அந்தப் பெயர். வரைபடம் போட்டவர் செக் நாட்டில் பிறந்து டோக்கியோவில் தொழில் நடத்திய ஆன்டனின் ரேமண்ட். வேலையை நடத்திவைக்க 1937-இல் அவர் அனுப்பிய இளைஞர்தான் ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர்.

நகாஷிமா கட்டட வேலைக்கு வந்தவர். வந்த இடத்தில் ஆசிரமவாசியாகிவிட்டார். சுந்தரானந்தா என்று அரவிந்தர் பெயர் வைத்தார். கட்டடத்துக்கு வேண்டிய மரச்சாமான்களையும் அவரே வடிவமைத்தார்: தேக்கில் கட்டில், மேசை, நாற்காலி. ஆசிரமத்து அன்பர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவு, சன்னல் பொருத்துகளை வார்த்தார்கள். இதே மனிதர் பின்னாளில் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ ஹோப் என்ற ஊரில் பட்டறை போட்டு, அந்த நாட்டின் தலைசிறந்த மரவேலைக் கலைஞர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கினார். அங்கே அவர் கையால் ஆன மேசை இன்று ஏலத்துக்கு வந்தால் ஒரு வீட்டின் விலைக்குப் போகிறது. புதுச்சேரியில் அவர் செய்துவைத்த சாமான்களுக்கு விலையே கிடையாது. ஏனென்றால் அவை சந்தைக்கு வரவே இல்லை. அன்று முதல் துடைத்து, பழுது பார்த்து, புழங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

இனி சண்டிகருக்குப் போவோம். பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. பஞ்சாபுக்குத் தலைநகர் வேண்டும். அதைக் கட்ட 1951-இல் கட்டடக் கலைஞர் லெ கார்புசியே வந்தார், கூடவே அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜானெரேயும் வந்தார். கார்புசியே வந்து வந்து போனவர். ஜானெரே 1965 வரை அங்கேயே தங்கி வேலை பார்த்தார். 1967-இல் ஜெனீவாவில் இறந்த பிறகு அவருடைய அஸ்தியை சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைத்தார்கள், அவ்வளவு ஒட்டுதல். ஒரு நகரம் முழுவதையும் புதிதாகக் கட்டினால் தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், மாணவர் விடுதி, சட்டமன்ற உறுப்பினர் விடுதி என்று எல்லாவற்றுக்கும் நாற்காலி மேசை வேண்டுமல்லவா? இறக்குமதி செய்யக் காசு இல்லை. அங்கே கிடைக்கும் தேக்கும், தோதகத்தியின் உறவான ஷீஷம் மரமும், பிரம்பும், அங்கே கிடைக்கும் தச்சர்களும்தான் வழி. ஜானெரேயின் குழுவில் யூலி சவுத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் சாமான் வடிவமைப்பில் பங்கெடுத்தார்கள். விரித்துவைத்த கவராயம் போன்ற காலுள்ள, சண்டிகர் நாற்காலி என்று இன்று சொல்லப்படும் பிரம்பு நாற்காலி அப்படிப் பிறந்தது.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம், எந்த அரசு அலுவலகத்துக் கொல்லைப்புறத்திலும் அதைப் பார்த்திருப்பீர்கள். பிரம்பு அறுந்தது. எஃகு நாற்காலி வந்தது, சுழல் நாற்காலி வந்தது. பழையதை மொட்டைமாடியிலும் படிக்கட்டு அடியிலும் குவித்தார்கள். மழை, வெயில். கண்டம் பண்ணி, அதாவது இனி உதவாது என்று எழுதிவைத்து, கழிவுப் பொருள் ஏலத்தில் குவியல் குவியலாகத் தள்ளிவிட்டார்கள். பாரீஸிலிருந்து வந்த வணிகர்கள் சிலர் 1990-களின் கடைசியிலிருந்து அந்த ஏலங்களில் முறைப்படி பணம் கட்டி வாங்கி, கப்பலேற்றி, பழுது பார்த்து, பாரீஸிலும் நியூயார்க்கிலும் காட்சிக்கு வைத்தார்கள். சில நூறு ரூபாய்க்குப் போன நாற்காலி பல லட்ச ரூபாய் ஆனது. நகர வரைபடம் பதித்த வார்ப்பிரும்புச் சாக்கடை மூடிகூட வெளிநாட்டு ஏலத்துக்குப் போனது! ஆமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் 2013-இல் இதைப் படமாகவே எடுத்தார். பணக்காரர் வீட்டு வரவேற்பறையில் தொடங்கி, ஏலக்கூடம், பட்டறை, கப்பல் என்று பின்னோக்கி நடந்து சண்டிகரில் போய் முடியும் படம் அது.

நாட்டின் சொத்து கொள்ளை போயிற்று என்று கூச்சல் எழுந்தது. வணிகர்கள் சொன்ன பதிலும் நேர்மையானதுதான்: நாங்கள் எடுக்காவிட்டால் அது அடுப்புக்குப் போயிருக்கும். இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. என் மனம் மட்டும் அந்த ஏலத்தை நடத்திய அலுவலர் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. அவர் விதிப்புத்தகத்தின்படிதான் செய்தார். தேய்மானம் போக மதிப்பு பூஜ்யம் என்று பதிவேடு சொன்னது. இந்த நாற்காலியை யார் வடிவமைத்தார்கள் என்று எழுத அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டம் இல்லை.

2011 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் இத்தகைய பொருள்களை விற்கவும் ஏலம் விடவும் தடை போட்டது. பிறகு கணக்கெடுத்ததில் சண்டிகரின் அலுவலகங்களில் 12,000-க்கும் மேற்பட்ட சாமான்கள் மிஞ்சியிருந்தது தெரிந்தது. ஏற்கெனவே வெளியே போனதைத் திரும்பக் கேட்க முடியாது. காரணம், நம்முடைய 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருள் தொல்பொருளாக வேண்டுமானால் நூறு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். 1955-இல் செய்த நாற்காலிக்கு அந்தச் சட்டத்தில் இடம் கிடையாது.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு பழைய நாற்காலி உங்கள் முன் இருக்கிறது. உட்காராதீர்கள், முன்பக்கத்தையும் பார்க்காதீர்கள். கவிழ்த்துப் போடுங்கள்.

அடிப்பக்கத்தில் பாலிஷ் இருக்கக்கூடாது என்பது விதியல்ல, ஆனால் அறுபது ஆண்டு காற்று பட்ட மரத்துக்கு ஒரு மங்கல் உண்டு. மூலைமுடுக்கெல்லாம் ஒரே நிறமாக இருந்தால் சாயம் பூசியிருக்கிறார்கள். கால் நுனியைப் பாருங்கள். தரையில் இழுபட்ட கால் ஒழுங்காகத் தேய்வதில்லை. பின்கால் அதிகம் தேயும், ஏனென்றால் நாமெல்லாம் பின்னால் சாய்ந்து நாற்காலியைத் தூக்கி ஆடுகிறவர்கள். கைப்பிடியில் உள்ளங்கை படும் இடம் மட்டும் வழுவழுவென்றிருக்கும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் பழசாக்கியவர்கள் எல்லா விளிம்பையும் ஒரே அளவில் உருட்டிவிடுவார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்து, பூட்டு. துளையும் கழுந்துமாகச் சேர்த்திருக்கிறார்களா, வெறும் ஆணியா? திருகாணி இருந்தால் தலையைப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒற்றை வெட்டுத் திருகாணிதான். ஸ்டார் திருகாணி இருந்தால் பிற்காலத்து வேலை, அல்லது பிற்காலத்துப் பழுது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பழுது பார்த்த சாமான் போலி ஆகிவிடாது. பசையும் அப்படித்தான். வச்சிரப் பசை பழுப்பாக, நொறுங்குகிற மாதிரி இருக்கும், வெந்நீர் பட்டால் இளகும். ஃபெவிகால் 1959-இல்தான் சந்தைக்கு வந்தது. 1955-ஆம் ஆண்டு நாற்காலி என்று ஒருவர் சொல்லி, எல்லாப் பூட்டிலும் வெள்ளைப் பசை வழிந்து காய்ந்திருந்தால், எப்போது பிரித்துப் பூட்டினார்கள் என்று கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

மெருகைச் சோதிக்க ஒரு துளி ஸ்பிரிட் போதும். மறைவான இடத்தில் பஞ்சால் தொட்டுத் தேயுங்கள். அரக்கு பாலிஷ் இளகிப் பஞ்சில் ஒட்டும். இப்போதைய மெலமைன் பூச்சு அசையாது.

மரத்தை அறிவது உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தேக்குக்கு எண்ணெய்ப் பசையும் தோல் வாசனையும் உண்டு. தோதகத்தி தூக்கினாலே தெரிந்துவிடும், கனம். பலா புதிதில் மஞ்சள், வயதாக ஆகப் பழுப்பேறிச் சிவக்கும். சில்வர் ஓக்கில் மீன் செதில் மாதிரி மினுமினுக்கும் ரேகை. வட்ட மேசை கிடைத்தால் டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். மரம் குறுக்குவாக்கில்தான் சுருங்கும், நெடுக்குவாக்கில் சுருங்காது. ஒட்டுப்பலகை அல்லாத பழைய வட்ட மேசை முழு வட்டமாக இருந்தால் அது பழைய மேசைதானா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

பிரம்பு பின்னிய இருக்கை என்றால் சட்டத்தில் வரிசையாகத் துளை போட்டுக் கையால் பின்னியிருக்கிறதா, அல்லது பாய் மாதிரி வாங்கிய பிரம்பு வலையைப் பள்ளத்தில் அழுத்திச் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். சண்டிகர் நாற்காலியில் கைப்பின்னல். அறுந்த பிரம்பை மறுபடியும் கையால் பின்னினால் மதிப்பு பெரிதாகக் குறையாது. காலை மாற்றினால் குறையும்.

இனி முக்கியமானது, எண். அரசுச் சாமானில் பெயின்டால் எழுதிய, சில வேளை செதுக்கிய எழுத்துகள் இருக்கும். எந்தத் துறை, எந்த அறை, எத்தனையாவது உருப்படி என்ற விவரம். சண்டிகர் நாற்காலியில் இந்த எழுத்துகள்தான் அதன் பிறப்புச் சான்றிதழ். இதை நம் ஊரில் எத்தனை பேர் அசிங்கம் என்று சுரண்டி எடுத்திருக்கிறார்கள் தெரியுமா? பாலிஷ்காரர் வந்ததும் முதல் வேலை அதுதான். ஐந்நூறு ரூபாய் கூலி கொடுத்துச் சாமானின் வரலாற்றை வழித்தெடுக்கிறோம்.

எண்ணுக்குத்தான் விலை என்று தெரிந்ததும் போலி செய்கிறவர்கள் எண்ணையும் எழுதக் கற்றுக்கொண்டார்கள். இடித்த வீட்டுத் தேக்கை வாங்கி அறுத்தால் மரம் உண்மையிலேயே பழசாக இருக்கும். ஆனால் அந்த மரத்தில் பழைய ஆணித்துளைகள் சம்பந்தமில்லாத இடத்தில் இருக்கும், குச்சி வைத்து அடைத்திருப்பார்கள். இன்னொன்று. அசல் சண்டிகர் நாற்காலிகள் பல பட்டறைகளில், பல தச்சர்கள் கையில் ஆனவை. இரண்டை அருகருகே வைத்தால் அளவில் சின்ன வேறுபாடு இருக்கும். எல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தால் பயப்படுங்கள். மறு உருவாக்கம் என்று வெளிப்படையாகச் சொல்லி நேர்த்தியாகச் செய்து விற்கிற நிறுவனங்கள் பெங்களூரிலேயே இருக்கின்றன. அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. சொல்லாமல் விற்பதுதான் மோசடி.

நம் தமிழ்நாட்டில் இந்தக் காலத்துச் சாமான் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் மேசை நாற்காலி செய்துகொடுத்த டான்சி, அதாவது தமிழ்நாடு சிறுதொழில் கழகம், 1965-இல் தொடங்கிய நிறுவனம். சிறைப் பட்டறைகளிலும் செய்தார்கள். சென்னை மவுண்ட் ரோடு கர்சன் கடைச் சாமான் வசதியானவர்கள் வீட்டில் இருந்தது. 1923-இலேயே எஃகு அலமாரி செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் பிற்பாடு நம் கல்யாணச் சீரிலேயே சேர்ந்துவிட்டது. இரும்புக் கம்பிச் சட்டத்தில் நைலான் வயர் பின்னிய நாற்காலி இருக்கிறதே, அதை யார் முதலில் வடிவமைத்தார்கள் என்று எனக்குத் தெரிய யாரும் தேடியதில்லை. என் கண்ணுக்கு அதுவும் இந்தப் பாணியின் நல்ல பிள்ளைதான். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958-இல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், நாட்டிலேயே சிறந்த வடிவம் என்று ஒரு சாதாரணச் சொம்பைத்தான் காட்டினார்கள். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. நம் நகாஷிமா 1964-இல் அங்கேயும் போய் நாற்காலி வடிவமைத்தார். வயர் நாற்காலியை ஈம்ஸ் தம்பதி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

விலைக்கு வருவோம். எந்தச் சாமானுக்கும் மூன்று விலை உண்டு.

முதல் விலை மரத்தின் விலை. இதைத் தராசிலேயே கண்டுபிடிக்கலாம். உலர்ந்த தேக்கு ஒரு கன அடி ஏறத்தாழ 18 கிலோ, தோதகத்தி 24 கிலோ. ஒன்பது கிலோ தேக்கு நாற்காலியில் அரை கன அடி மரம் இருக்கிறது. விற்கும் நாளின் கன அடி விலையில் பாதியைப் போடுங்கள். அதற்குக் கீழே யார் கேட்டாலும் பேச்சை நிறுத்திவிடலாம்.

இரண்டாவது, புழங்கும் விலை. இதே சாமானை இதே மரத்தில் இன்றைக்குச் செய்ய மரமும் கூலியும் என்ன ஆகும்? ஊர்த் தச்சரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். பெரும்பாலான வீட்டுச் சாமானுக்கு நியாயமான விலை முதல் விலைக்கும் இதற்கும் நடுவில்தான் நிற்கும்.

மூன்றாவது, சேகரிப்பவர் கொடுக்கும் விலை. இதற்கு மரமும் கூலியும் பொருட்டல்ல. யார் வடிவமைத்தது, எங்கே இருந்தது, அதைக் காட்ட என்ன இருக்கிறது? சண்டிகரின் அதே நாற்காலியில் எண்ணும் ஏல ரசீதும் இல்லாவிட்டால் அது மறுபடி அரை கன அடி தேக்குதான். ஜோடியாக, எட்டாக, பன்னிரண்டாக இருந்தால் தனித்தனி விலையின் கூட்டுத்தொகையை விட அதிகம் கிடைக்கும். தோதகத்தி அல்லது ஷீஷம் என்றால் இன்னொரு சிக்கல். அந்த இனம் முழுவதையும் 2017 ஜனவரியிலிருந்து சர்வதேச வனஉயிரி வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கனமான சாமானாக இருந்தால் உரிய சான்றிதழ் இல்லாமல் நாட்டு எல்லையைத் தாண்டாது. வெளிநாட்டு விலையைக் கேட்டு இங்கே கனவு காண வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளியில் இருக்கும் பழைய பெஞ்சும் மேசையும் உங்களுடையது அல்ல, என்னுடையதும் அல்ல. முறையாகக் கண்டம் செய்து, ஏலம் விட்டு, ரசீது கொடுக்காத அரசுச் சாமானை வாங்குகிறவர் திருட்டுச் சொத்தை வாங்குகிறார். சண்டிகரில் அப்படி வழக்குகளே வந்தன. ஆனால் உங்கள் கையில் இருப்புப் பதிவேடு இருக்கிறது. எந்த ஆண்டு, எங்கிருந்து, என்ன விலைக்கு வந்தது என்று முந்தைய தலைமையாசிரியர் மையில் எழுதிவைத்திருப்பார். கரையான் அரிப்பதற்குள் அந்தப் பக்கங்களைக் கைபேசியில் படம் பிடித்துவையுங்கள். சாமானின் அடியில் இருக்கும் எண்ணையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

விடுதி நடத்துகிறவர்களும் கேளுங்கள். பழைய சாமானை வாங்கி வெள்ளை பெயின்ட் அடித்து வராந்தாவில் போடுகிறீர்கள். வேண்டாம். ஈரத்துணியால் துடையுங்கள், தளர்ந்த பூட்டை இறுக்குங்கள், அறுந்த பிரம்பைப் பின்னுங்கள். அதற்கு மேல் கை வைக்குமுன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் தொடங்குமுன் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "எங்க மாமனார் காலத்துப் பலாக்கட்டில் ஒண்ணு கெடக்குதுங்க. வண்டிக்காரர் எண்ணூறு ரூவாங்கறார், குடுத்துரலாமுங்களா?" கட்டிலை நான் பார்க்கவில்லை. சேகரிப்பவர் யாரும் இன்றைக்கு அதைத் தேடி வரப்போவதில்லை, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அம்மா, வீட்டுக்குப் போனதும் தச்சரைக் கூப்பிட்டு அதில் எத்தனை கன அடி பலா இருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். இதே கட்டிலைப் புதிதாகச் செய்ய என்ன கேட்பார் என்பதையும் கேட்டு வையுங்கள். அடுத்த வாரம் வண்டிக்காரர் வரும்போது எண்ணூறு என்ற பேச்சு வராது.